சேஷாசலத்து மரமும் கபூக்கி முகங்களும்

காட்பாடியிலிருந்து வடக்கே பிரிந்து, சித்தூர், பாகாலா, சந்திரகிரி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் பயணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் மலைமேல் நிற்கும் தெய்வத்தையே மனத்தில் தாங்கிச் செல்வதால், வழியின் இருபுறமும் கிடக்கும் பாறைக் குன்றுகளையும் மாந்தோப்புகளையும் நிலக்கடலைக் கொல்லைகளையும் பார்த்தும் பாராமலே கடந்துவிடுகிறார்கள். சித்திரை மாதக் கடைசியில், வெயிலின் உக்கிரம் பாறைகளை உலையாக்கியிருந்த காலத்தில் நான் மேற்கொண்ட யாத்திரைக்குத் தெய்வ தரிசனத்தோடு இன்னொரு நோக்கமும் இருந்தது. ஜப்பான் தேசத்தில், இன்று தோக்கியோ என்று வழங்கும் எடோ நகரத்தில், கபூக்கி என்னும் நாடகத்தில் நடித்த நடிகர்களின் முகங்களை மரப்பலகையில் செதுக்கிக் காகிதத்தில் பதித்த வண்ணச் சித்திரங்களில் நெடுங்காலமாக ஈடுபாடு கொண்டவன் நான். அந்தக் கபூக்கி மேடையில் இடையறாது ஒலிக்கும் ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் உயர்ந்த ரகங்களுக்குக் கழுத்துப் பகுதி எந்த மரத்தால் ஆகிறது என்று விசாரித்தபோது, அது திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசல மலைக்காடுகளிலும் அவற்றின் அண்டைத் தொடர்களிலும் விளையும் செம்மரம் என்று அறிந்து வியந்தேன். நம் மலையின் மரம் அங்கே நடிகனின் குரலுக்குத் துணை நின்றிருக்கிறது. அப்படியானால் அந்த மலையடிவாரத்தில் வேஷம் கட்டி ஆடிய நம்முடைய நடிகர்களின் முகங்கள் என்ன ஆயின என்ற கேள்வி மனத்தில் எழ, அதுவே என்னைப் புறப்படச் செய்தது.

கபூக்கிச் சித்திரங்களைப் பற்றி முதலில் சிறிது சொல்லிவிடுவது வாசகர்களுக்கு உதவியாக இருக்கும். 1603-ஆம் ஆண்டில் கியோத்தோ நகரத்தில் ஒக்குனி என்ற பெண்மணி ஆடிய ஆட்டத்திலிருந்து தோன்றியதாகக் கருதப்படும் கபூக்கியில், 1629-இல் பெண்கள் நடிப்பதை அரசாங்கம் தடுத்துவிட்டபடியால், பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்று, அதையே ஒரு தனிக் கலையாக வளர்த்தார்கள். நாடகக் கொட்டகைகளின் வாயிலில் தொங்கும் பெரிய விளம்பரப் பலகைகளை எழுதிய டோரி கியோனோபு என்பவரும் அவருடைய வம்சத்தாரும் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நடிகர் படங்களை அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். முதலில் கறுப்புக் கோடு மட்டும். பிறகு கையால் தீட்டிய சிவப்பு. பிறகு இரண்டு மூன்று வண்ணம். 1765-இல் சுஸூகி ஹாருநோபுவின் காலத்தில் முழு வண்ணப் படங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிப் பலகை செதுக்கி, பலகையின் மூலையில் வெட்டிய அடையாளத்தில் காகிதத்தைப் பிசகாமல் பொருத்தி, மூங்கில் பாளையால் சுற்றிய வட்டமான தேய்ப்பானால் பின்புறத்தை அழுத்தித் தேய்த்து எடுப்பார்கள். பலகை காட்டுச் செர்ரி மரம்; காகிதம் ஒரு வகை முசுக்கொட்டைப் பட்டையிலிருந்து எடுத்தது. வரைகிறவர் ஒருவர், செதுக்குகிறவர் ஒருவர், பதிக்கிறவர் ஒருவர், இவர்கள் மூவருக்கும் பணம் போட்டு விற்பனையை நடத்துகிற பதிப்பாளர் ஒருவர் என நால்வர் கூடிச் செய்த தொழில் அது. படத்தின் விலையோ சாமானியன் ஒரு வேளைச் சிற்றுண்டிக்குச் செலவிடும் காசுக்கு மேல் அதிகம் போகாது. பிரபுக்களின் மாளிகைக்கென்று அல்லாமல், கொட்டகையின் கடைசி வரிசையில் அமர்ந்து நாடகம் பார்த்துவிட்டுத் திரும்பும் தச்சனும் கடைச் சிப்பந்தியும் தம் அபிமான நடிகனின் முகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கென்று பிறந்த கலை என்பதே அதன் மாண்பு.

சித்தூரில் இறங்கியதும் என் மனம் நாடிய பெயர் நாகையா. உப்பலதடியம் நாகையா 1904-இல் குண்டூர் ஜில்லாவின் ரேபல்லேயில் பிறந்தவரானாலும், இளமையைக் கழித்து நாடகமேடை ஏறிய ஊரின் பெயரையே தம் பெயரோடு சுமந்துகொண்டு சித்தூர் நாகையா ஆனவர். இவ்வூரின் ராமவிலாச சபையில் சபாநாடகங்கள் நடித்த காலத்தில் அவர் எப்படித் தோன்றினார் என்று இன்று நமக்குக் காட்டுவதற்குச் சித்திரம் ஏதும் கைக்குக் கிட்டவில்லை. ஆனால் 1943-இல் வெளிவந்த பக்த போதனாவிலும், 1946-இல் அவரே இயக்கிய தியாகய்யாவிலும், 1947-இன் யோகி வேமனாவிலும் அவர் முகம் அழியாமல் இருக்கிறது. பாகவதரின் அசோக்குமாரிலும், எம். எஸ். சுப்புலட்சுமியின் மீராவிலும் அவரைக் கண்ட தமிழர்கள் அந்தக் கண்களின் கனிவை மறந்திருக்க மாட்டார்கள். 1965-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1973-இன் இறுதியில் சென்னையில் காலமான அவருடைய பெயரைத் தாங்கிய கலாக்ஷேத்திரம் சித்தூரில் நிற்கிறது. சினிமா வந்ததால் நாகையா பிழைத்தார். அவரோடு அதே மேடையில், அதே விளக்கின் வெளிச்சத்தில், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஆடிய மற்றவர்கள் கற்பூரமாய்க் கரைந்து போனார்கள்.

சபாநாடகத்தின் கதை இது என்றால், அதனினும் பழைய கூத்தின் கதை இன்னும் வருத்தம் தருவது. 1911-இல் உருவான இந்தச் சித்தூர் ஜில்லா, தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பூமி. 1960 ஏப்ரல் முதல் தேதி எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்து திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகும், கூத்துக்கு மட்டும் எல்லைக்கோடு இல்லை. தர்மராஜா கோவில்களிலும் திரௌபதியம்மன் கோவில்களிலும் கோடைகாலத்தில் பாரத உற்சவம் நடக்கும்போது, பகலெல்லாம் பாரதக் கதை சொல்வார்கள். இரவெல்லாம் அதையே வீதியில் நாடகமாக ஆடுவார்கள். அர்ஜுனன் தபசு மரத்தில் ஏறுவான், கடைசி நாளில் மண்ணால் பிரம்மாண்டமாகச் சமைத்த துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான், மாலையில் தீமிதி. கல்யாண முருங்கையின் லேசான கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்து, குணத்துக்கேற்ற வண்ணத்தை முகத்தில் அப்பிக்கொண்டு, திரைக்குப் பின்னாலிருந்து கர்ஜித்தபடி வெளிப்படும் கூத்தாடியைக் கண்டவர்களுக்கு, முதலாம் இச்சிகாவா டான்ஜூரோ பதினேழாம் நூற்றாண்டில் எடோவில் தொடங்கிவைத்த வீராவேச நடிப்பைப் புரிந்துகொள்ளப் பாஷ்யம் தேவையில்லை. அவர் மரபில் வந்த முகப்பூச்சில் தைரியத்துக்கும் நியாயத்துக்கும் செங்கோடு, வஞ்சகத்துக்கு நீலக்கோடு. டான்ஜூரோ என்ற பட்டப்பெயர் பதின்மூன்றாம் தலைமுறையாக இன்றும் தொடர்கிறது. முற்காலத்து டான்ஜூரோக்கள் பலரின் முகங்களையும் நாம் படங்களில் அடையாளம் கண்டு சொல்லலாம். நம் பக்கத்தில் சென்ற நூற்றாண்டில் துரியோதன வேஷத்தில் பேர் வாங்கிய ஒருவருடைய முகத்தையாவது அவ்வாறு காட்ட முடியுமா?

சித்தூரை விட்டுப் பாகாலாவைக் கடந்து சந்திரகிரியை நெருங்கும்போது மலைகள் செந்நிறம் கொள்கின்றன. விஜயநகர மன்னர்களின் ராஜமகாலைத் தூரத்தில் பார்த்துவிட்டு, அதிகம் தாமதிக்காமல் திருப்பதி வந்து சேர்ந்தேன்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்னூல் பிரதேசங்களில் மட்டுமே இயற்கையாக விளைவது செம்மரம். வெயிலும் பாறையும் குறைந்த மழையும் சேர்ந்து அதை மிக மெதுவாக வளர்க்கின்றன; அந்த மெதுவான வளர்ச்சியால்தான் அதன் வைரம் நீரில் அமிழும் கனத்தையும் இரத்தச் சிவப்பையும் பெறுகிறது. நவராத்திரிக் கொலுவில் முதலிடம் பெறும் மரப்பாச்சிப் பொம்மைகளைத் திருப்பதி யாத்திரை போனவர்கள் வாங்கி வந்ததை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மரத்தை ஜப்பானியர் வெகுவாக மதிக்கிறார்கள். கழுத்து வளையாமலும் நாதம் மங்காமலும் இருக்க அதற்கு நிகர் இல்லை என்பது ஷமிசென் செய்பவர்களின் தீர்ப்பு. 1995-இல் சர்வதேச உடன்படிக்கையின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தபின் அதன் வாணிபம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. கள்ளத்தனமாக வெட்டுவது நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி இந்த மலைக்காட்டில், மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட தமிழகத் தொழிலாளர் இருபது பேர் ஆந்திரச் சிறப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கூலிக்காக மலையேறிய அந்த ஏழைகளை நினையாமல் செம்மரத்தின் அழகைப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு மரத்தின் பெருமையை அனுபவிப்பவர்கள் கடலுக்கு அப்பால். அதன் பாரத்தைச் சுமப்பவர்கள் இங்கே.

திருப்பதியில் நான் காண விரும்பியது தாத்தய்யகுண்டா கங்கம்மாவின் ஜாத்திரை. ஏழுமலையானின் தங்கையாகக் கருதப்படும் இந்த அம்மனுக்கு மலைமேலிருந்து சீர்வரிசை வருகிறது. முன்னொரு காலத்தில் இவ்வூரை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் பெண்களுக்குப் பெருந்துன்பம் இழைத்தான். அவனை அழிக்க அவிலாலா கிராமத்தில் அம்மன் அவதரித்துக் கைக்கால குடும்பத்தில் வளர்ந்தாள். அவள் கைக்கு அஞ்சி அவன் ஒளிந்துகொள்ள, அவள் நாளொரு வேஷம் புனைந்து தேடி, கடைசியில் துரை வேஷத்தில் வந்தபோது அவன் ஏமாந்து வெளிப்பட, அவன் தலையைக் கொய்தாள் என்பது ஸ்தல ஐதிகம். அந்த வேஷங்களை இன்றும் அக்குடும்பத்து ஆடவர்கள் முறைப்படி தரிக்கிறார்கள். பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம், துரை வேஷம், மாதங்கி வேஷம், சுண்ணாம்புக் குடங்கள் என்று நாளுக்கொன்றாக அவை மாறிவர, ஊரார் அவர்களைப் பின்பற்றி, பைராகி நாளில் நாமக்கட்டிக் குழம்பையும், பண்ட நாளில் குங்குமத்தையும், தோட்டி நாளில் கரியையும், துரை நாளில் சந்தனத்தையும் உடல் முழுதும் பூசிக்கொண்டு கோவிலுக்கு வருகிறார்கள். சிறுவர்கள் முதல் முதியவர்கள் வரை வெள்ளையாகவும் சிவப்பாகவும் கறுப்பாகவும் வீதியில் நிறைந்து வரும் அந்தக் காட்சியில், நகரமே ஒரு வாரத்துக்கு மேடையாகிவிடுகிறது. வேண்டுதலுக்காக ஆண்கள் புடவை கட்டி, பூ முடித்து, வளையலும் கொலுசும் அணிந்து வருவதும் இந்த ஜாத்திரையின் விசேஷம். இறுதியில் கோவிலின் முன் களிமண்ணால் அம்மனின் விசுவரூப முகத்தைச் சமைத்து, அதைக் கலைத்து, அந்த மண்ணையே பிரசாதமாக ஜனங்கள் பெற்றுச் செல்கிறார்கள்.

புடவை கட்டிய ஒரு நடுவயது மனிதரை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மழித்த தாடையின் பச்சை நிறமும், தோளின் அகலமும், நடையின் உறுதியும் அவர் ஆண் என்பதை மறைக்கவில்லை. ஆனால் முகத்தில் இருந்த பக்தியும் நாணமும் அவரை வேறொரு நிலைக்கு உயர்த்தியிருந்தன. இந்த இரட்டைத்தன்மையைச் சித்திரத்தில் பிடித்தவர் உலகில் ஒருவர் உண்டென்றால் அவர் ஷராகு. 1794-ஆம் ஆண்டு மே மாதத்தில், த்சுதாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளரின் கடையிலிருந்து, பளபளக்கும் கரிய அபிரகப் பின்னணியில், நடிகர்களின் பெரிய மார்பளவுப் படங்கள் 28 ஒரே வீச்சில் வெளிவந்தன. வரைந்தவர் அதற்குமுன் யாரும் கேள்விப்பட்டிராத டோஷூசாய் ஷராகு. அவருக்கு முன்னால் கத்சுகாவா ஷுன்ஷோ போன்றவர்கள் நடிகனின் முகஜாடையைப் படத்தில் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆயினும் ஷராகுவின் துணிவு தனி. மூன்றாம் ஓத்தானி ஓனிஜி என்ற நடிகர் எடோபெய் என்னும் முரடனாக, கண்கள் உருண்டு, வாய் கோணி, மார்பிலிருந்து இரு கைகளின் விரல்களும் பரபரத்து விரிய நிற்கும் படத்தைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. பெண் வேஷக்காரர்களை வரையும்போது, பட்டாடைக்கும் கொண்டைக்கும் நடுவே ஆணின் வலிய மூக்கையும் தொங்கும் கன்னத்தையும் ஒளிக்காமல் வரைந்தார். சுமார் பத்து மாதங்களில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களைச் செய்துவிட்டு, 1795-இன் தொடக்கத்தில் அடியோடு மறைந்தார். அவர் ஆவா நாட்டுப் பிரபுவின் நோ நாடக நடிகரான சைத்தோ ஜூரோபெய் என்று பலர் கருதுகிறார்கள். உண்மையை அதிகமாக வரைந்துவிட்டதால் அவர் நிலைக்கவில்லை என்று அவர் காலத்தை ஒட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 1910-இல் யூலியுஸ் கூர்த் என்ற ஜெர்மானியர் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதியபின் உலகம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது.

கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் தரித்து நிற்கும் ஒரு கைக்காலக் குடும்பத்தாரை ஷராகு கண்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். வேஷத்தையும் மனிதனையும் ஒருங்கே வரைந்திருப்பார். நம் மரபு வேஷத்தை மட்டுமே வரைந்தது, மனிதனை விட்டுவிட்டது.

மனித முகத்தை வடிக்கத் தெரியாதவர்களா நாம்? திருமலைக் கோவிலுக்குள் நுழைந்ததும் வலப்புற மண்டபத்தில் கிருஷ்ணதேவராயர், திருமலாதேவி, சின்னாதேவி ஆகிய இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் உலோகப் பிரதிமைகளைத் தரிசன அவசரத்தில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? தோளில் பெயர் பொறித்து, நெடிய குல்லாய் சூட்டி, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வார்த்த அந்த உருவங்கள், மன்னனுக்கு முகம் வேண்டும் என்று இந்நாட்டு ஸ்தபதிகள் கருதியபோது அதைச் சமைக்கும் ஆற்றல் அவர்களிடம் பூரணமாக இருந்ததைக் காட்டுகின்றன. நடிகனுக்கு முகம் வேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

திருப்பதியிலிருந்து கிழக்கே, சுவர்ணமுகி ஆற்றின் கரையில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தி, வாயுலிங்க க்ஷேத்திரமாகப் பிரசித்தி பெற்றதைப் போலவே கலம்காரிக்கும் பிரசித்தி பெற்றது. மசூலிப்பட்டணத்துப் பக்கத்தில் செதுக்கிய மரக்கட்டைகளால் துணியில் பதிப்பார்கள். இங்கே எழுதுகோலால் எழுதுவார்கள். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை நனைத்து உலர்த்தி, புளியங்குச்சியின் கரியால் உருவம் எழுதி, இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் ஊறப்போட்டு எடுத்த கருமையால் கோட்டை உறுதிப்படுத்தி, படிகாரம் தோய்த்த இடங்களைச் சிவப்பாக்கி, ஆற்றில் அலசி, மீண்டும் வண்ணமிட்டு என்று ஒரு துணி முடியப் பல நாட்கள் செல்லும். கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால் 1950-களில் இங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டிராவிட்டால் இந்தக் கலை அழிந்திருக்கும். அதில் பயின்று வளர்ந்த ஜொன்னலகட்டா குரப்பச் செட்டி 2008-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இங்கேயும் ஜப்பான் குறுக்கிடுகிறது. பழவேற்காட்டிலும் மசூலிப்பட்டணத்திலும் கோட்டையும் பண்டகசாலையும் வைத்திருந்த ஒல்லாந்தர், 1641 முதல் நாகசாகியின் சிறு தீவொன்றில் மட்டும் தங்க அனுமதி பெற்று, சோழமண்டலக் கரையின் எழுத்துச் சீலைகளையும் கோடுபோட்ட பருத்தித் துணிகளையும் அங்கே கொண்டு விற்றார்கள். தேநீர்ச் சடங்கின் ரசிகர்கள் எழுத்துச் சீலைத் துண்டுகளைப் பொக்கிஷமாகப் பாதுகாத்தார்கள். மயிலைச் சாந்தோமின் பெயராலேயே வழங்கிய கோட்டுத்துணி எடோவின் நாகரிக புருஷர்களிடையே மோஸ்தராயிற்று. நடிகர் படங்களில் கோடுபோட்ட ஆடையைக் காணும்போதெல்லாம் நம் கரையின் நெசவாளியை நான் நினைத்துக்கொள்வது வழக்கம்.

காளஹஸ்திக்கு அருகில் மாதவமாலா என்ற கிராமத்தில் வீட்டுக்கு வீடு மரத்தில் தெய்வ உருவங்கள் செதுக்குகிறார்கள். அங்கே ஒரு முதிய சிற்பியிடம் நான் கொண்டு சென்றிருந்த ஷராகுவின் படப்பிரதி ஒன்றைக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியோரத்தில் மயிர் தொடங்கும் இடத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். “இந்த மயிர்க்கோட்டை மரத்தில் எடுத்தவர் யாருங்க?” என்று கேட்டார். எடோவின் பட்டறைகளில் உடையையும் பின்னணியையும் சீடர்கள் செதுக்க, தலையையும் கேசத்தையும் தலைமைச் செதுக்காளர் மட்டுமே தொட்டார் என்று நான் சொன்னபோது, “எங்ககிட்டயும் அப்படித்தான். கண்ணை நான்தான் திறப்பேன், பசங்க கையில கொடுக்க மாட்டேன்” என்றார். “தெய்வத்தைத் தவிர மனுஷ முகம் செஞ்சிருக்கீங்களா ஐயா?” என்றேன். “கேட்டா செய்யலாம். யாரும் கேட்டதில்லையே” என்று பதில் வந்தது.

கேட்பார் இல்லை என்பதே இந்தப் பிரச்சினையின் உயிர்நிலை. எடோவில் கேட்டவர்கள் இருந்தார்கள். எவ்வளவு தீவிரமாகக் கேட்டார்கள் என்றால், எட்டாம் டான்ஜூரோ 1854-இல் ஒஸாக்காவில் தற்கொலை செய்துகொண்டபோது அவருக்காக நூற்றுக்கும் மேற்பட்ட இரங்கற் படங்கள் வெளியாயின. 1842-இல் அரசாங்கம் சிக்கன சட்டமிட்டு நடிகர் படங்களைத் தடைசெய்தபோது, குனியோஷி என்ற சித்திரக்காரர் சுவரில் எவரோ ஆணியால் கீறிய கிறுக்கல்கள்போல நடிகர்களின் முகங்களை வரைந்து ஜனங்களின் ஆசையை நிறைவேற்றினார். புகைப்படம் வந்து இந்தக் கலை மங்கிய பிறகும், இருபதாம் நூற்றாண்டில் வத்தனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் துணிந்து முன்வந்து, நத்தோரி ஷுன்சென் என்ற சித்திரக்காரரைக் கொண்டு, 1925 முதல் சில ஆண்டுகளுக்குள் 36 நடிகர் முகங்களைப் பழைய முறையிலேயே மரத்தில் செதுக்கி வெளியிட்டார். கபூக்கியின் அந்தத் தலைமுறை முழுவதும் இன்று அப்படங்களில் வாழ்கிறது.

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கலம்காரி எழுதுவோரும், மரம் செதுக்குவோரும், கங்கம்மாவின் வேஷக்காரர்களும் அந்த ஒரே மாவட்டத்தில், ஒரு பகல் பிரயாணத்துக்குள் அடங்கி இருக்கிறார்கள்; பாரதக் கூத்தாடிகள் அதை அடுத்தே இருக்கிறார்கள். கை இருக்கிறது, மரம் இருக்கிறது, துணி இருக்கிறது, முகம் இருக்கிறது. இவர்களை ஒன்றுகூட்டும் ஒரு பதிப்பாளர்தான் இல்லை. பணமும் ரசனையும் படைத்தவர்கள், சபைகளை நடத்துகிறவர்கள், சித்திரக் கல்லூரிகளில் கற்பிக்கிறவர்கள், இவர்களில் எவரேனும் அடுத்த சித்திரையில் திருப்பதிக்குச் சென்று, ஜாத்திரை வேஷக்காரர்களையும் பாரதக் கூத்தின் மூத்த நடிகர்களையும் அவர்களுடைய சம்மதத்தோடு எழுதச் செய்து, படத்தின் ஓரத்தில் வேஷத்தின் பெயரோடு நடிகனின் பெயரையும் பொறித்து, ஏழையும் வாங்கக்கூடிய விலைக்கு வெளியிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முப்பத்தாறு படங்கள் போதும், தொடங்குவதற்கு. மாதவமாலாவுக்கு முதல் கடிதத்தை நீங்களே எழுதுங்கள்.